நோவு வருமுன் ஒரு நாற்காலி

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் கரையோர நெடுஞ்சாலையில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை நிலத்திலே, குருக்கள்மடத்தைத் தாண்டியதும் வருகின்ற செட்டிபாளையத்தில், பல்நோவு கண்ட ஒருவர் என்ன செய்வார் என்பது யாவரும் அறிந்ததே. இரவெல்லாம் கிராம்பைக் கொடுப்பில் அடக்கிவைத்துப் பொறுத்துப் பார்ப்பார். விடிந்ததும் பஸ் ஏறிக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ, தூரமானாலும் பரவாயில்லை என்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போவார். துண்டு எடுத்து, வாங்கில் அமர்ந்திருந்து, தமது முறை வந்ததும் வாயைத் திறந்து காட்டி, ஒரு சதமும் கொடாமல் பல்லைப் பிடுங்கியோ அடைத்தோ கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார். செல்வம் மிகுந்த தேசங்கள் பலவற்றிலே பல் வைத்தியத்துக்கு மட்டும் தனியே பணம் கட்ட வேண்டியிருப்பதை அறிந்தவர்கள், இலவச மருத்துவ சேவை நமக்கு அளித்திருக்கும் பாக்கியம் எத்தகையது என்பதை உணர்வார்கள்.

ஆயினும் அதே ஊரில், அதே ஒழுங்கையில், ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்குப் பல் நொந்தால், மேலே சொன்ன வழியில் ஒரு படியையேனும் அப்பிள்ளையால் இலகுவில் கடக்க முடிவதில்லை. நோகிறது என்று சொல்ல அதற்குச் சொல் வராதிருக்கலாம். சனம் நெருக்கிய பஸ்ஸில் அது நிலைகொள்ளாதிருக்கலாம். வாங்கில் இரண்டு மணித்தியாலம் காத்திருப்பது அதனால் இயலாத காரியம். வாயைத் திற என்று முன்பின் அறியாத ஒருவர் சொல்வது அதற்கு அர்த்தமற்ற கட்டளை. யாரும் அடைத்து வைக்காத ஒரு கதவு இப்பிள்ளைக்கு மாத்திரம் அடைபட்டே கிடக்கிறது என்பதையும், அதைத் திறப்பதற்குப் பெரும் திரவியமோ புதிய கட்டடமோ தேவையில்லை, கொஞ்சம் நேரமும் ஒரு புதிய ஒழுங்கும் போதும் என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகின்றேன்.

ஓட்டிசம் என்பது இன்று நேற்று நம்மிடையே வந்திறங்கிய நூதனம் அன்று. 1943-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் லியோ கனர் என்னும் மனநல வைத்தியர் 11 பிள்ளைகளின் சரித்திரங்களைத் தொகுத்து எழுதிய கட்டுரையே அதை வைத்திய உலகுக்கு அடையாளம் காட்டிற்று என்றாலும், அத்தகைய பிள்ளைகள் அதற்கு முன்னும் எல்லாத் தேசங்களிலும் பிறந்து வளர்ந்தே வந்திருப்பார்கள். தாயின் அன்பு குளிர்ந்துபோனதே இதற்குக் காரணம் என்று அந்நாளைய அறிஞர் சிலர் சொல்லி வைத்தார்கள். அந்தக் கொடிய அபிப்பிராயம் ஆராய்ச்சியால் முற்றாகக் கைவிடப்பட்டுப் பல தசாப்தங்கள் சென்றுவிட்டன. ஆயினும் நம்முடைய ஊர்களில், பிள்ளை பேசவில்லையென்றால் இன்னமும் தாயை நோக்கித்தான் விரல் நீள்கிறது. நமது நாட்டிலேயே, ஹேமமாலி பெரேரா முதலிய வைத்திய அறிஞர்கள் 18 முதல் 24 மாதம் வரையான வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, 93 குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டதாகச் சொல்லுகிறது. உலக சுகாதார நிறுவனம் நூற்றுக்கு ஒன்று என்று கூறிவந்த கணக்கும் இதற்கு ஏறக்குறைய ஒத்ததே. அப்படியானால், ஆயிரம் பிள்ளைகள் படிக்கின்ற ஒரு மகா வித்தியாலயத்தைச் சூழ்ந்த வீடுகளில் ஏறத்தாழப் பத்துப் பிள்ளைகள் இருத்தல் வேண்டும். அந்தப் பத்துப் பேரின் வாயை இதுவரை யார் திறந்து பார்த்தார்கள் என்று நாம் கேட்டதுண்டா?

இந்தப் பிள்ளைகளுக்குப் புலன்கள் நம்மைப் போல் வேலை செய்வதில்லை. நமக்கு இலேசாகத் தோன்றும் ஸ்பரிசம் அவர்களிற் சிலருக்குச் சுட்டுவிட்டாற்போல் இருக்கும். நமக்குக் கேளாத சப்தம் அவர்களுக்கு மண்டையைத் துளைக்கும். நாம் பொருட்படுத்தாத மணம் அவர்களுக்குக் குமட்டும். வேறு சிலருக்கோ உணர்ச்சி மந்தமாகி, கடுமையான நோவுகூட வெளியே தெரியாது. செட்டிபாளையம் கண்ணகை அம்மன் ஆலயத்தின் வைகாசிச் சடங்குக் காலத்திலே, பறையும் உடுக்கும் முழங்க ஊரே கூடி நிற்கையில், இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு வெளிவீதியின் கோடியில் தாயின் சேலைக்குள் முகம் புதைத்து நிற்கும் பிள்ளையைக் கண்டவர்கள் இருப்பீர்கள். பக்தியில்லாத பிள்ளை என்று அதை யாரும் ஏசுவதில்லை. சத்தம் ஆகாது என்று விளங்கிக்கொண்டு, தூரத்தில் நின்றே கும்பிட விடுகிறோம். கோயில் வீதியில் நமக்கு இருக்கின்ற இந்த இயல்பான விவேகம் வைத்தியசாலைக்குள் நுழைந்ததும் எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை.

பல் வைத்தியரின் அறையை அப்பிள்ளையின் உடம்பிலிருந்து சற்றே எண்ணிப் பாருங்கள். கதவைத் திறந்ததும் கிராம்புத் தைலமும் கிருமிநாசினியும் கலந்த மணம் மூக்கில் அடிக்கிறது. கூரையிலே நீண்ட குழல் விளக்கு ஓயாமல் இரைந்துகொண்டிருக்கிறது. நாற்காலியில் இருத்தியதும் அது எச்சரிக்கையின்றிப் பின்னோக்கிச் சரிந்து, காலை மேலேயும் தலையைக் கீழேயும் கொண்டுபோகிறது. கண்ணுக்கு நேரே ஒரு பெரிய வெளிச்சம் பாய்கிறது. முகமூடியால் வாயை மறைத்த ஒருவர், கண் மாத்திரம் தெரிய, மிக அருகில் குனிகிறார். இறப்பர் உறையிட்ட விரல், ஒருவகைத் தூளின் கசப்போடு உதட்டை விலக்குகிறது. உமிழ்நீரை உறிஞ்சும் குழாய் நாக்கின் ஓரத்தைப் பற்றி இழுக்கிறது. அதன்பின் துளைகருவியின் கூரிய கீச்சொலி எலும்பு வழியாகவே காதுக்குள் ஏறுகிறது. வளர்ந்த நாமே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் நான்கு நிமிடம் என்று மனத்துக்குச் சொல்லிப் பொறுக்கிறோம். முடிவு எப்போது என்பதே தெரியாத பிள்ளை எதைச் சொல்லித் தன் மனத்தைத் தேற்றும்? அது கத்துகிறது, கடிக்கிறது, இறங்கி ஓடுகிறது. உடனே, இந்தப் பிள்ளைக்கு இங்கே செய்ய ஏலாது என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது.

அந்தத் தீர்ப்போடு வீடு திரும்பும் தாய் அதன்பின் பல ஆண்டுகளுக்கு அந்தப் பக்கமே போவதில்லை. சூத்தை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. வாய் பேசாத பிள்ளையின் பல்நோவு வேறு வேஷங்களில் வெளிப்படும்: நேற்றுவரை விரும்பித் தின்ற சோற்றைத் தள்ளிவிடும், ஒரு பக்கத்துக் கன்னத்தையே ஓயாமல் அடித்துக்கொள்ளும், தன் கையைக் கடிக்கும், இரவில் நித்திரையின்றி எழும்பி நடக்கும். குணம் மாறிப்போய்விட்டது என்று ஒருவர் சொல்வார்; கண்ணூறு என்று இன்னொருவர் நூல் கட்டுவார்; மூளைக்குக் கொடுக்கும் மருந்தைக் கூட்டச் சொல்லிக் கிளினிக்குக்குக் கொண்டுபோவாரும் உளர். கொடுப்புப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருப்பதைக் காண்பதற்கு ஒருவர் அந்த வாய்க்குள் பார்த்திருக்க வேண்டும். திடீரென்று குணம் மாறுகின்ற எந்த ஓட்டிசப் பிள்ளைக்கும் முதலில் பல்லையும் காதையும் வயிற்றையும் பரிசோதிக்க வேண்டும் என்பது அநுபவமுள்ள வைத்தியர்கள் யாவரும் அறிந்த விதி. பெற்றோரும் ஆசிரியரும் இதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்பிள்ளைகளுக்குப் பற்கள் பிறவியிலேயே பலவீனமானவை என்று எண்ணுவது தவறு. பல் ஏனையோருடையது போன்ற பல்தான். அதைச் சூழ்ந்த நிலைமைகளே பகையாகின்றன. சில பிள்ளைகள் ஒரே வகையான மென்மையான, இனிப்பான உணவைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டார்கள். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து, கொடுப்பில் அடக்கி, விழுங்காமல் நெடுநேரம் வைத்திருப்பார்கள். வலிப்பு மருந்துப் பாணியிலே சீனி இருக்கக்கூடும்; வலிப்புக்குக் கொடுக்கப்படும் பெனிற்றோயின் என்னும் மருந்து முரசைத் தடிக்கச் செய்து பல்லின்மேல் ஏற்றிவிடும்; மனநல மருந்துகள் சில உமிழ்நீரைக் குறைத்து வாயை உலர்த்தும், உமிழ்நீர் வற்றிய வாயிலோ சூத்தை விரைந்து பரவும். இரவில் பல்லை நறநறவென்று அரைத்துத் தேய்க்கும் பழக்கமும் இவர்களிடையே அதிகம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தீங்கு உண்டு. சொன்னதைச் செய்தால் டொபி, எழுத்தைக் காட்டினால் டொபி, அடங்கி இருந்தால் டொபி என்று, பயிற்சி வகுப்புகளிலும் வீடுகளிலும் இனிப்பையே பரிசாக வைத்து இப்பிள்ளைகளைப் பழக்குகிறோம். நாள் முழுவதும் சிறிது சிறிதாக வாய்க்குள் போகும் சீனி, ஒரே வேளையில் உண்ணும் சீனியைக் காட்டிலும் பல்லுக்குப் பன்மடங்கு கேடு. நாட்டின் ஐந்து வயதுப் பிள்ளைகளிலே பாதிக்கு மேற்பட்டோருக்குச் சூத்தைப் பல் உண்டு என்று தேசிய வாய்ச் சுகாதார ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருக்கையில், பரிசின் பேரால் அதை இன்னும் வளர்ப்பது அநியாயம். குமிழி ஊதுவதும், ஊஞ்சலில் இரண்டு ஆட்டம் ஆட்டுவதும், பிடித்த பாட்டை ஒருமுறை கேட்க விடுவதும் பரிசுதான், அவற்றைக் கொடுக்கலாம்.

இதில் மட்டக்களப்புப் பகுதிக்கே உரிய ஒரு விசேஷத்தையும் கவனிக்க வேண்டும். பெண் பிள்ளைக்கே வளவும் வீடும் சீதனமாகக் கொடுத்து, கலியாணத்துக்குப் பின்னும் அவளைத் தாயின் வளவிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே வேரூன்றியது. ஆகவே ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளை தாயின் கையில் மாத்திரம் வளர்வதில்லை. அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் வேலிக்கு வேலி இருந்து வளர்க்கிறார்கள். கொழும்பில் அடுக்குவீட்டில் தனித்துக் கிடக்கும் ஒரு தாய்க்கு வாய்க்காத பெருந்துணை இது. ஆனால் பிள்ளை பாவம் என்ற இரக்கத்தில் அந்த நான்கு வீடுகளிலும் நான்கு கைகள் இனிப்பை நீட்டும் என்பதும் உண்மை. பல் துலக்கும் முறையைத் தாய்க்கு மாத்திரம் சொல்லிக்கொடுத்து அனுப்பும் கிளினிக் இவ்விடத்துச் சமூகத்தை அறியாத கிளினிக். அம்மம்மாவையும் அழைத்து இருத்திச் சொல்ல வேண்டும். அவர் ஒப்புக்கொண்டுவிட்டால் அந்த வளவு முழுவதும் ஒப்புக்கொள்ளும்.

துலக்குதல் பற்றிச் சில வார்த்தைகள். முகத்துக்கு நேரே நின்று பற்தூரிகையை நீட்டினால் பிள்ளை தலையைத் திருப்பிக்கொள்ளும். பின்னால் நின்று, பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு மெதுவாகச் சாய்த்து, எதிரே ஒரு கண்ணாடியை மாட்டி வைத்து, பத்து வரை உரத்து எண்ணிக்கொண்டே ஒரு பக்கத்தைத் துலக்க வேண்டும்; பத்து என்றதும் எந்த நிலையிலும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவேன் என்று சொன்னபடியே நிறுத்துகிறார்கள் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வந்துவிட்டால், பத்து மெல்ல இருபதாகும். முதல் வாரம் தூரிகை உதட்டைத் தொட்டால் போதும். வாய்க்குள் போக வேண்டியதில்லை. காரம் மிகுந்த பற்பசையை நெருப்பென்று உணரும் பிள்ளைக்கு மணம் குறைந்த பசையைத் தேடிக் கொடுக்க வேண்டுமேயன்றிப் பசையே வேண்டாமென்று விட்டுவிடலாகாது. புளோரைட் சேர்ந்த பசை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், அதன்பின் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். கொப்பளித்துத் துப்பத் தெரியாத பிள்ளை சிறிது விழுங்கிவிடுமே என்ற பயத்துக்கு இந்த அளவே மருந்து. உமிக்கரியும் உப்பும் நம் முன்னோரின் வழக்கமாயினும், சூத்தையைத் தடுக்கும் புளோரைட் அவற்றில் இல்லை. கிணற்றடியிலோ குசினியிலோ, எங்கே துலக்கினாலும் தினமும் அதே இடத்தில், அதே வேளையில், அதே வரிசையில் துலக்குவது அவசியம். மாறாத ஒழுங்கிலே இப்பிள்ளைகள் காணும் ஆறுதலை நாம் நமக்குத் துணையாக்கிக்கொள்ள வேண்டும்.

இனி வைத்தியசாலையின் கடமைக்கு வருவோம். பிள்ளைகளின் பல் வைத்தியத்திலே, முதலில் சொல்லு, பிறகு காட்டு, அதன்பின் செய் என்னும் முறை 1959-ஆம் ஆண்டிலேயே அடல்ஸ்ற்றன் என்பவரால் வகுத்துரைக்கப்பட்டது. இன்று எல்லாப் பல் மருத்துவ மாணவரும் அதைப் படிக்கிறார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முடியாது என்பது ஒன்றே வித்தியாசம். முதல் நாள் அறைக்குள் வந்து போகட்டும். அடுத்த முறை நாற்காலியைத் தொடட்டும். அது மேலும் கீழும் போவதை, தான் ஏறாமல், நின்று பார்க்கட்டும். பின்னொரு நாள் ஏறி இருந்து, கண்ணாடியால் பல்லை எண்ண விடட்டும். வட கரோலினாவில் எரிக் ஷொப்லர் 1972-இல் ஆரம்பித்த திட்டத்தின் வழியாக உலகெங்கும் பரவிய படவரிசை முறை இதற்கு மிக உகந்தது: பஸ், வைத்தியசாலை வாசல், நாற்காலி, வைத்தியர், கண்ணாடி, பிறகு வீடு என்று அந்தந்த இடத்தின் நிஜமான புகைப்படங்களையே கைத்தொலைபேசியில் எடுத்து, கடைசிப் படமாகப் பிள்ளையின் சொந்த வீட்டை வைத்து, ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் காட்டினால், முடிவு தெரியாத பயம் பாதி தீர்ந்துவிடும். தமிழ் சரளமாக வராத வைத்தியர் நியமனம் பெற்று வந்திருக்கும் இடத்திலே, அதே படங்கள் வைத்தியருக்கும் தாய்க்கும் நடுவே ஒரு பொதுமொழியாகவும் உதவும்.

அறையின் வெளிச்சத்தையும் சத்தத்தையும் மாற்றினால் பலன் உண்டா என்று ஐயுறுவோருக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், 6 முதல் 12 வயது வரையான ஓட்டிசம் உள்ள 162 பிள்ளைகளுக்கு, ஒருமுறை சாதாரண அறையிலும் மற்றொருமுறை விளக்கைத் தணித்து, மெல்லிய இசையும் கூரையில் அசையும் மெதுவான ஒளியும் உடம்பை அணைத்துப் பொதியும் கனத்த போர்வையும் அமைத்த அறையிலும் பல் சுத்தம் செய்து, தோலின் மின்கடத்துத்திறனைக் கொண்டு அவர்களின் பதற்றத்தை அளந்தார்கள்; 2023-இல் வெளியான அதன் முடிவு, அமைதியான அறையிலே பதற்றம் குறைந்தது என்பதே. அந்த உபகரணங்கள் யாவும் களுவாஞ்சிகுடிக்கு வர வேண்டுமென்று நான் கேட்கவில்லை. குழல் விளக்கை அணைத்துவிட்டு யன்னல் வெளிச்சத்தில் தலைவிளக்கோடு பார்ப்பதற்கும், பிள்ளைக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டுவதற்கும், நாற்காலியைப் பிள்ளை வருமுன்பே சரித்து வைப்பதற்கும், எக்ஸ்ரே எடுக்கும்போது போர்த்தும் கனத்த ஈயக் கவசத்தை மடியில் போட்டுப் பார்ப்பதற்கும் எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

அத்தோடு, துளைகருவியும் ஊசியும் இல்லாமலே சூத்தையை நிறுத்தும் உபாயங்கள் இன்று கைவசம் உள்ளன. வெள்ளியும் புளோரைட்டும் சேர்ந்த சில்வர் டயமீன் புளோரைட் என்னும் திரவத்தை ஒரு சிறு தூரிகையால் சூத்தையில் தடவினால், அது பெரும்பாலும் மேலே பரவாமல் இறுகி நின்றுவிடும். ஜப்பானில் அரை நூற்றாண்டாக வழக்கிலுள்ள இம்மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. தடவிய இடம் கறுத்துப்போகும் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சம்மதத்தைப் பெற வேண்டும். சொல்லாமற் செய்தால், பிள்ளையின் முன்பல் கறுத்திருப்பதைக் கண்டு அவர்கள் கலங்குவது நியாயமே. மின்சாரமற்ற கிராமங்களுக்காக 1980களில் தான்சானியாவில் உருவான, கைக்கருவியால் மாத்திரம் சூத்தையைச் சுரண்டி எடுத்து, புளோரைட்டைக் கசியவிடும் சீமெந்தால் அடைக்கும் முறையும் இத்தகையதே. ஸ்கொத்லாந்தில் நோர்னா ஹோல் என்ற பல் வைத்தியர் கையாண்ட, பாற்பல்லைத் துளைக்காமல் உலோக உறையொன்றை அதன்மேல் அழுத்திப் பொருத்தும் முறையும் உண்டு. சத்தமிடும் கருவியே சிகிச்சைக்கு மூலம் என்ற காலம் போய்விட்டது.

நான்கு பேர் சேர்ந்து கையையும் காலையும் தலையையும் அமுக்கிப் பிடித்து ஒரு பல்லைப் பிடுங்கிவிடுவதைச் சிலர் சாமர்த்தியம் என்று எண்ணுகிறார்கள். உயிருக்கு ஆபத்தான வேளையிலன்றி அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாது. அந்த ஐந்து நிமிட வெற்றிக்கு விலையாக, அப்பிள்ளை வளர்ந்து பெரியவராகி, நான்கு பேராலும் பிடிக்க முடியாத பலசாலியான பின்பும், வெள்ளை அங்கி கண்ட இடமெல்லாம் நடுங்கும். முழு மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் எல்லாப் பற்களையும் ஒரே அமர்வில் கவனிப்பது வேறு விஷயம். கடுமையான நிலையில் உள்ள சில பிள்ளைகளுக்கு அதுவே கருணை நிறைந்த வழி, அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் மயக்க மருந்து வைத்தியரும் கூடமும் கட்டிலும் ஒரே நாளில் ஒத்துவர நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். முதல் நாள் இரவிலிருந்து பட்டினி ஏன் என்று அப்பிள்ளைக்கு விளக்க முடியாது. ஆபத்தும் அறவே இல்லாததன்று. செலவை யோசிக்கும் நிர்வாகிகளும் ஒன்றைக் கணக்கிட வேண்டும்: சிறு வயதிலே பழக்குவதற்குச் செலவிடும் அரை மணித்தியாலங்கள் சிலவற்றை மிச்சம் பிடித்தால், பின்னாளில் ஒரு முழுச் சத்திரசிகிச்சைக் கூடத்தையே அந்த வாய்க்காக ஒதுக்க நேரும்.

பொதுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. வாங்கு நிறைய நோயாளர் காத்திருக்கும் பொழுதில், ஒரு பிள்ளை நாற்காலியைத் தொட்டுப் பார்ப்பதற்கு அரை மணித்தியாலத்தை ஒதுக்குவது நியாயமா என்பது. வெற்றிலைக்குப் பேர்போன களுதாவளையை அண்டிய இந்தப் பகுதியிலே, பாக்கும் புகையிலையும் கூட்டிச் சப்புவதனால் வரும் வாய்ப்புற்றைத் தேடிப் பிடிக்க வேண்டிய பாரமும் பல் வைத்தியர் தலையில் இருக்கிறது. அவர்களின் சிரமத்தை நான் குறைத்து மதிப்பவனல்லன். கூட்டம் நிறைந்த காலை வேளையில் இதைச் செய்யச் சொல்வது இரு சாராருக்கும் கொடுமை. மாதத்தில் ஒரே ஒரு நாள், பகலில் சனம் கலைந்த பின்னர் இரண்டு மணித்தியாலம், முன்கூட்டி நேரம் குறித்து, ஒரே வைத்தியர், ஒரே தாதி, ஒரே நாற்காலி என்று வைத்தால், அந்த இரண்டு மணித்தியாலத்தில் நான்கைந்து பிள்ளைகளைப் பார்த்துவிடலாம்; யாருடைய முறையும் பறிபோகாது.

அவ்விடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் பாதையும் நம்மிடம் முன்னமே இருக்கிறது. நியூசிலாந்து நாட்டின் முன்மாதிரியைப் பின்பற்றி, கொழும்புத் திட்டத்தின் உதவியோடு 1950களில் மகரகமவில் பயிற்சி பெறத் தொடங்கிய பாடசாலைப் பல் தாதியரின் வழிவந்த பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள், இன்றும் மாணவரின் வாயைப் பரிசோதித்து வருகிறார்கள். அரிய சேவை அது. ஆனால் வகுப்பறையில் வரிசையாக நிற்கும் பிள்ளைக்கே அது எட்டுகிறது. பாடசாலைக்கே போகாத பிள்ளைக்கும், போனாலும் விசேட கல்வி அலகில் ஒதுங்கி இருக்கும் பிள்ளைக்கும் எட்டுவது அரிது. அந்த அலகின் ஆசிரியைதான் பிள்ளை எதற்கு அஞ்சும், எதற்கு இணங்கும் என்பதைத் தாய்க்கு அடுத்தபடியாக அறிந்தவர். பல் சிகிச்சையாளர் தமது சுற்றை அந்த அறையிலிருந்தே ஆரம்பித்து, பாயில் அமர்ந்து, கண்ணாடியையும் பற்தூரிகையையும் விளையாட்டுப் பொருளாகக் கொடுத்துப் பழக்கினால், நாற்காலிக்கான பாதி வழி அங்கேயே கடந்துவிடும். வீடு வீடாகச் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தர்களும், குழந்தையின் நிறையைக் குறிக்கும் அதே வேளையில் உதட்டைத் தூக்கி முன்பல்லைப் பார்த்து, பாடசாலை வயதுக்கு முன்னரே அனுப்பி வைக்கலாம். குழந்தையின் முதலாவது பிறந்தநாளுக்குள் பல் வைத்தியரைக் காண வேண்டும் என்பது குழந்தைப் பல் மருத்துவத்தின் இன்றைய விதி.

இதைத் தயவாக யாரும் எண்ண வேண்டாம். வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28-ஆம் இலக்கச் சட்டம் 1996-இலேயே இந்நாட்டில் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் வலுவிழந்தோர் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016-இல் உறுதிசெய்து, அதன் 25-ஆம் உறுப்புரை கூறும் சுகாதார சமத்துவத்துக்குக் கட்டுப்பட்டது. அயல்நாடாகிய இந்தியா அதே 2016-இல் இயற்றிய சட்டத்தில் ஓட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அங்கு நிராமயா என்னும் காப்புறுதித் திட்டம் பல் பராமரிப்புக்கும் இடமளிக்கிறது. பிரித்தானியாவில் விசேட தேவையுள்ளோரின் பல் வைத்தியம் 2008 முதல் தனியொரு நிபுணத்துவத் துறையாகவே அங்கீகாரம் பெற்றுள்ளது. போர்க்காலத்தில் இந்தக் கரையோர ஊர்களிலிருந்து இலண்டனுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள், ஓட்டிசம் இருந்தால், அங்கே அந்தச் சேவைக்கு உரித்துடையவர்கள். அதே குடியில், அதே அம்மம்மாவின் வளவில் இங்கே வளரும் பிள்ளைக்கு அது கிடையாது என்பதை விதி என்று ஏற்றுக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருப்பவர்களின் நிலை இன்னும் கடினம். மண்டூரிலிருந்து குருமண்வெளித் துறைக்கு ஓடத்தில் வந்து, அங்கிருந்து களுவாஞ்சிகுடிக்கு வரும் ஒரு தாய், ஓடம் ஆடும்போது எழுந்து நிற்கும் பிள்ளையை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அப்படி வந்தவளிடம், “பிள்ளை இருக்குதில்லையே அம்மா, பிறகு ஒரு நாளைக்குக் கொண்டு வாங்க” என்று சொல்லி அனுப்பினால், “மறுகா எப்படி டொக்டர் கொண்டு வாற?” என்று அவள் கேட்பதற்கு மறுமொழி நம்மில் யாரிடம் இருக்கிறது? இந்த ஒரு கேள்விக்காகவேனும் நேரம் குறித்து அழைக்கும் ஒழுங்கு உடனே வர வேண்டும்.

மட்டக்களப்புப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களையும், ஆதார வைத்தியசாலைகளின் அத்தியட்சகர்களையும் நான் வேண்டிக்கொள்வது இந்த மாதாந்த இரண்டு மணித்தியாலத்தையும், அது எந்த நாள் என்று தமிழில் எழுதி வாசலிலும் ஒவ்வொரு விசேட கல்வி அலகிலும் ஒட்டிவைக்கும் ஓர் அறிவித்தலையும்தான். பெற்றோரே, அந்த அறிவித்தல் வரும்வரை நீங்களும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைக்கு எந்த நோவும் இல்லாத ஒரு நாளைத் தெரிந்தெடுத்து, அருகிலுள்ள வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்கு முன்னரே போய்க் கேட்டு, சனம் குறைந்த நேரத்தை அறிந்துகொண்டு, பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். நாற்காலியைக் காட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.